ஓடாத மிஷினுக்கு வருடச் சந்தா

டயர் தொழிற்சாலையின் சம்பளப் பிரிவில் அவருக்கு "வேணுமா" என்று பெயர். முகத்துக்கு நேரே சார் என்பார்கள், முதுகுக்குப் பின்னால் வேணுமா. யாராவது தவணையில் வண்டி எடுக்கப் போகிறேன், பெரிய டிவி வாங்கப் போகிறேன் என்று வாயைத் திறந்தால் போதும். மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்துவிட்டு "வேணுமா?" என்று கேட்பார். அந்த ஒரு கேள்வியிலேயே பாதிப் பேர் வாங்காத வண்டியிலிருந்து இறங்கிவிடுவார்கள்.

மீதிப் பேருக்கு இரண்டாவது மருந்து ஒன்று வைத்திருந்தார். பொருளின் விலையை அவரவர் ஒரு நாள் சம்பளத்தால் வகுத்துச் சொல்வார். "இந்த போனுக்கு நீ நாப்பது நாள் அந்த ரப்பர் வாடையில நிக்கணும். நிக்கலாம்னு தோணுச்சுன்னா தாராளமா வாங்கு. ஆனா ஒரு வாரம் கழிச்சுக் கடைக்குப் போ." ஒரு வாரம் கழித்து எவனும் கடைக்குப் போனதில்லை. மனுஷனைக் கஞ்சன் என்றும் தள்ளிவிட முடியாது. பிள்ளைக்குப் படிப்புச் செலவு, அம்மாவுக்கு ஆபரேஷன் என்று வந்து நின்றால் தன் பையிலிருந்தே எடுத்துக் கொடுப்பார். வீண் செலவு என்றால்தான் உடம்பெல்லாம் எரியும். அவர் பேச்சைக் கேட்டு வீட்டுக் கடனைக் காலத்துக்கு முன்பே அடைத்தவர்கள் அந்தத் தொழிற்சாலையில் நிறைய உண்டு.

அவர் பேச்சைக் கேட்காத ஆள் உலகத்திலேயே ஒருத்திதான். அவருடைய மனைவி. ஒருநாள் அவர் வேலைக்குப் போயிருந்தபோது ஒரு விற்பனைப் பெண் வந்து, இரண்டு கண்ணாடி டம்ளரில் தண்ணீர் பிடித்து என்னவோ வித்தை காட்டிவிட்டுப் போனாள். சாயங்காலம் வந்து பார்த்தால் சமையலறைச் சுவரில் நீல விளக்கு எரியும் குடிநீர் மிஷின் ஒன்று தொங்குகிறது. "இது இப்ப வேணுமா?" என்றார். "வேணும்" என்றாள் அந்த அம்மா, வெங்காயம் நறுக்கிக்கொண்டே. மேல்பேச்சு இல்லை. இருபத்தைந்து வருடக் குடித்தனத்தில் அவர் தோற்ற ஒரே வழக்கு அது.

பிறகு அந்த அம்மாவுக்கு உடம்பு முடியாமல் போயிற்று. அப்படி ஒரு நாள் வந்தால் கைகொடுக்கும் என்று அவர் வருடக்கணக்கில் சேர்த்து வைத்திருந்தார். யாரிடமும் கை நீட்டவில்லை. ஆஸ்பத்திரிக் கணக்கைக் கடைசிக் காசுவரை கட்டினார். சேமிப்பு போதுமானதாகத்தான் இருந்தது, மனைவிதான் இல்லை.

அடுத்த வருடம் ஓய்வும் பெற்றார். ஒரு நயாபைசா கடன் கிடையாது, மாதாமாதம் ஓய்வூதியம், மூன்றாவது மாடியில் சொந்த வீடு. எல்லாம் சரியாக இருந்தது, பேசத்தான் ஆளில்லை. ஞாயிற்றுக்கிழமை தங்கை போன் செய்வாள்.

"அண்ணா, சாப்பிட்டியா?"

"ஆச்சும்மா."

"உடம்பு?"

"நல்லாருக்கு."

"சரிண்ணா, வச்சிடட்டுமா?"

அவளைக் குறை சொல்லி என்ன பயன்? வெளியூருக்குப் பேசினால் காசு ஏறிக்கொண்டே போன காலத்தில், போனில் கதை பேசக் கூடாது, விஷயத்தை மட்டும் சொல்லிவிட்டு வைக்க வேண்டும் என்று பழக்கியதே இவர்தான். காசு ஏறாத காலம் வந்தும் அவள் அண்ணன் சொல்லைத் தட்டவில்லை.

பழைய சகாக்கள் வருவார்களா என்றால், அதுவும் இல்லை. மரியாதை எக்கச்சக்கம். வழியில் பார்த்தால் வண்டியை நிறுத்தி இறங்கிப் பேசுவார்கள். ஆனால் வீட்டுக்கு வாங்க என்று யாரும் அழைப்பதில்லை. புது சோபா வாங்கிப் போட்டிருப்பவன் அதில் அவரை உட்கார வைக்கத் துணிவானா? உட்கார்ந்த மறு நிமிடம் அது எத்தனை நாள் சம்பளம் என்று சொல்லிவிடுவாரே!

இந்த நிலையில்தான் குடியிருப்பில் தண்ணீர்ப் பேச்சு வந்தது. வீட்டுக்கு வீடு மிஷின் மாட்டி, வீட்டுக்கு வீடு பராமரிப்புச் சந்தா கட்டுவதற்குப் பதிலாக, மொட்டைமாடித் தொட்டியோடு ஒரே பெரிய சுத்திகரிப்பு இயந்திரத்தை வைத்துவிட்டால் என்ன? யோசனை சொன்னவர் நம்மவர்தான். கூட்டத்தில் எழுந்து நின்று வீட்டுக்கு எவ்வளவு மிச்சமாகும் என்று புட்டுப் புட்டு வைத்தார். மறுப்பே இல்லாமல் நிறைவேறிற்று. பெரிய இயந்திரம் வந்து, குழாயில் நல்ல தண்ணீர் கொட்டியதும், எல்லா வீட்டுக்காரர்களும் தங்கள் சந்தாவை நிறுத்தினார்கள். ஒரே ஒரு வீடு நிறுத்தவில்லை. அது எந்த வீடு என்று நான் சொல்லித்தான் தெரிய வேண்டுமா?

நிறுத்தத்தான் இருந்தார். போனைக்கூடக் கையில் எடுத்துவிட்டார். அந்த வாரம் மெக்கானிக் வர வேண்டிய முறை இருந்தது. கட்டின காசுக்கு வந்து பார்த்துவிட்டுப் போகட்டும், பிறகு நிறுத்திக்கொள்வோம் என்று விட்டார்.

மெக்கானிக் வந்தார். நாற்பதைத் தாண்டிய ஆள், லேசான தொப்பை, லிஃப்டுக்குக் காத்திருக்கப் பொறுமையில்லாமல் படியேறி வந்து மூச்சு வாங்குகிற ரகம். வாய் ஓயாது. கை தன்பாட்டுக்கு ஃபில்டரைக் கழற்றி மாட்டும், வாய் தன்பாட்டுக்குத் தன் வீட்டுக் கதையைச் சொல்லும். மனைவி இருந்தவரை வருகிறவர்களுக்கு டீ கொடுக்கும் வழக்கம் இருந்ததால் இவரும் போட்டுக் கொடுத்தார். மெக்கானிக்கின் மாமனார் மருமகனிடம் ஏணி ஒன்றை வாங்கிக்கொண்டுபோய்த் தன் வீட்டுக்கு வெள்ளையடித்துவிட்டு, திருப்பித் தராமல், இன்னொரு மருமகனுக்கு, அதாவது மெக்கானிக்கின் சகலைக்கு, தூக்கிக் கொடுத்துவிட்டாராம். அதிலிருந்து மாமனாருக்கும் மருமகனுக்கும் பேச்சுவார்த்தை இல்லை.

"புது ஏணி என்ன விலை தம்பி? ஒண்ணு வாங்கிட்டா பிரச்சினை தீந்துச்சு."

"சார், ஏணியா சார் விஷயம்? என்னைக் கேக்காம அவன்கிட்ட குடுத்தாரு பாருங்க, அதுதான் சார் விஷயம்!"

இவர் சிரித்துவிட்டார். ஒரு மணி நேரம் போனதே தெரியவில்லை. மெக்கானிக் போன பிறகு தொண்டை கரகரவென்று வலித்தது. என்னடா இது, சளி பிடிக்கிறதா என்று பார்த்தால் சளி இல்லை. பல வாரங்களாக இவ்வளவு பேசியதில்லை, அதுதான்.

சந்தாவை நிறுத்தவில்லை. காலக்கெடு முடிந்ததும் புதுப்பித்தார்.

சம்பளப் பிரிவில் தலை நரைத்த மனுஷனுக்கு இது வீண் செலவு என்று தெரியாதா? நன்றாகவே தெரியும். வேறொருவன் செய்திருந்தால் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்திருப்பார். வருடத்துக்கு நான்கு முறை மெக்கானிக் வருவார். சந்தாவை நான்கால் வகுத்து, ஒரு வருகைக்கு இவ்வளவு என்று ஒரே ஒரு முறை கணக்குப் போட்டுப் பார்த்தார். அதற்கப்புறம் அந்தக் கணக்கின் பக்கமே போகவில்லை. மாதம் முழுக்க அணைந்தே கிடக்கும் மிஷினை, மெக்கானிக் வருவதற்கு முதல் நாள் போட்டு, வாளி வாளியாகத் தண்ணீரை ஓடவிடுவார். ஃபில்டர் புழங்கின மாதிரி தெரிய வேண்டுமே! அந்தத் தண்ணீரில் தரையைத் துடைப்பார். கடையில் போய் பிஸ்கட் வாங்குவார், அதுவும் விலை கூடின ரகம். கடைக்காரருக்கே ஆச்சரியம்.

ஆனால் மூன்று மாதம் என்பது நீளம். அதற்குள் மாமனார் பேசினாரா, ஏணி வந்ததா, ஒன்றும் தெரியாது. சந்தாத் தாளை எடுத்துப் படித்தபோது, பழுது என்று கூப்பிட்டால் எத்தனை முறை வேண்டுமானாலும் கூடுதல் கட்டணமில்லாமல் வருவார்கள் என்று போட்டிருந்தது. கட்டின காசுக்கு முழுப் பலனையும் வாங்கியே தீர வேண்டும் என்பது அவருடைய வாழ்நாள் கொள்கை. கம்பெனிக்கு போன் செய்தார். "மிஷின்ல ஒரு மாதிரி சத்தம் வருது."

மறுநாளே மெக்கானிக் வந்தார். சத்தம் வரவில்லை. "வந்து வந்து போகும் போல" என்று இவர் சமாளித்தார். அடுத்த முறை சும்மா சொல்ல வெட்கமாக இருந்தது. ஸ்டூலில் ஏறி நின்று, ஸ்பானரால் பின்பக்கக் குழாயின் மரையைத் தானே தளர்த்திவிட்டார். தண்ணீர் சொட்டிற்று. அதற்கடுத்த முறை வேறொரு மரை. அறுபதைத் தாண்டிய மனுஷன், தன் வீட்டு மிஷினைத் தானே திருட்டுத்தனமாகக் கெடுத்துவிட்டு, காலிங் பெல் சத்தத்துக்குக் காது கொடுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நினைத்தால் சிரிப்பு வருகிறது, நினைத்துக்கொண்டே இருந்தால் சிரிப்பு வரவில்லை.

இப்படிப் போய்க்கொண்டிருக்கையில் ஒருநாள் மெக்கானிக் வந்தார். வழக்கம்போல் மூச்சு வாங்கிற்று, ஆனால் பேச்சு இல்லை. கருவிப் பையைத் திறக்கவும் இல்லை. சட்டைப் பையிலிருந்து தண்ணீரின் உப்பை அளக்கும் பேனா மாதிரி ஒரு கருவியை எடுத்து, குழாய்த் தண்ணீரை டம்ளரில் பிடித்து, அதில் முக்கினார். கருவியில் எண் தெரிந்தது. பார்த்துவிட்டுத் தலையை ஆட்டிக்கொண்டார்.

"சார், ஒண்ணு சொல்லணும். தப்பா எடுத்துக்கக் கூடாது."

"சொல்லுங்க தம்பி."

"கீழ வாட்ச்மேன்கிட்ட இப்பதான் பேசிட்டு வந்தேன். உங்க பில்டிங்குக்கே மாடியில பெரிய மிஷின் போட்டிருக்காங்களாமே? ரெண்டு வருஷம் ஆச்சாம். உங்களுக்கு யாரும் சொல்லலியா சார்?"

அந்தத் திட்டத்தைப் பெற்றுப் பெயர் வைத்தவர் என்ன சொல்வார், பாவம்! "அப்படியா?" என்றார்.

"என்ன சார் இப்படி வெளுத்ததெல்லாம் பாலுன்னு இருக்கீங்க! எல்லா வீட்டுலயும் நிறுத்திட்டாங்க. நீங்க மட்டும் காசைத் தண்ணியா விட்டுக்கிட்டு இருக்கீங்க. குழாய்த் தண்ணியே தங்கமா இருக்கு, இதோ பாருங்க நம்பர். இந்த மிஷினோ ஆயுசு முடிஞ்சு போச்சு. கை வச்ச இடமெல்லாம் ஒழுகுது. மாசத்துக்கு ரெண்டு தடவை வர்றேன், எனக்கே மனசு கேக்கல சார்."

"இருந்துட்டுப் போகட்டுமே தம்பி. பழகிடுச்சு."

"பழகிடுச்சுன்னு காசு கட்டுவாங்களா? உங்களுக்கு இது தேவையில்ல சார். ஆத்திரம் அவசரத்துக்கு அந்தக் காசு கையில இருக்கட்டும்."

ஒவ்வொரு சொல்லும் நியாயம். இவரே இந்த நாற்காலிக்கு எதிரில் உட்கார்ந்திருந்தால் இதையேதான் சொல்லியிருப்பார், இன்னும் கொஞ்சம் கடுமையாக.   நீ வர வேண்டும் என்பதற்காகத்தான் கட்டுகிறேன் என்பது ஒன்றுதான் பதில். அதை ஒரு வயது வந்த மனிதனின் முகத்தைப் பார்த்து எப்படிச் சொல்வது?

"நீங்க சொன்னா உங்க கம்பெனியில ஒண்ணும் சொல்ல மாட்டாங்களா?" என்று கடைசியாக ஒரு கல்லை விட்டுப் பார்த்தார்.

"திட்டுவாங்க. சந்தா போனா என் பேர்லதான் எழுதுவாங்க. எழுதிக்கட்டும். உங்க கையால இவ்வளவு டீ குடிச்சிட்டு உங்களை ஏமாத்தினா எனக்கு அடுக்குமா?"

 தனக்கு நஷ்டம் வந்தாலும் பரவாயில்லை என்று ஒருவன் நல்லது செய்ய வந்து நிற்கிறான். வேண்டாம் என்று தள்ளுவது பாவம். மெக்கானிக் தன் போனை எடுத்துத் தட்டினார். பாக்கி மாதங்களுக்கான காசு வங்கிக் கணக்குக்குத் திரும்பி வந்துவிடும் என்றார்.

"காரணம் கேக்குது சார். வீடு மாறுறீங்க, சர்வீஸ் சரியில்ல, தேவையில்ல. எதைப் போடட்டும்?"

"சர்வீஸ் சரியில்லன்னு போட்டுறாதீங்க."

"அப்ப தேவையில்லன்னு போட்டுடறேன். இங்க விரலால ஒரு கையெழுத்து."

கையெழுத்துப் போட்டார். விரல் போட்ட கோடு தன் கையெழுத்து மாதிரியே இல்லை என்று தோன்றிற்று. "ரொம்ப நன்றி தம்பி" என்றார். சொன்ன குரல் அவர் காதிலேயே விழுந்தது. எங்கோ கேட்ட குரலாக இருந்தது. தொழிற்சாலையில் டயர்களை அனுப்பும் டெஸ்பாட்ச் பிரிவில் ஒரு அம்மா, சனிக்கிழமை தவறாமல் ஒரு தோழியோடு ஓட்டலுக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டு வருவார். அந்தச் செலவை விட்டால் வருடத்துக்குள் ஒரு பிரிட்ஜ் வாங்கலாம் என்று இவர் கணக்குப் போட்டுக் காட்டினார். அன்று அந்த அம்மா நன்றி சொன்னது இந்தக் குரலில்தான். பிரிட்ஜும் வாங்கினார். தோழி என்ன ஆனாள் என்று இவர் ஒரு நாளும் கேட்டதில்லை. நல்ல புத்தி சொன்ன திருப்தியில் அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்து மனைவியிடம் பெருமையடித்தது மட்டும் நன்றாக நினைவிருந்தது.

மெக்கானிக் வாசலில் ஷூ மாட்டிக்கொண்டிருந்தார். இவர் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். இப்போது விட்டால் போயிற்று என்று உள்ளுக்குள் ஏதோ பிடித்துத் தள்ளிற்று.

"தம்பி, நான் ஒண்ணு பண்றேன். அந்தக் காசை உங்க கையில குடுத்துடறேன். மூணு மாசத்துக்கு ஒரு தடவை வந்து சும்மா ஒரு பார்வை பாத்துட்டுப் போங்க."

மெக்கானிக் பதறிப்போய் எழுந்தார். "என்ன சார் நீங்க! உங்களைப் பாக்க வர்றதுக்குக் காசா? சும்மாவே வர்றேன் சார். இந்தப் பக்கம் வர்றப்பல்லாம் வர்றேன்."

உள்ளன்போடுதான் சொன்னார், அதில் சந்தேகமில்லை. ஆனால் கணக்குப் பார்த்துப் பழகிய மனுஷனுக்கு அந்த நிமிடமே விளங்கிவிட்டது. ஒரு நாளைக்கு எட்டு வீடு ஏறி இறங்குகிற ஆள் ஒன்பதாவது வீட்டுக்குச் சும்மா எப்படி வருவார்? காசு கட்டியிருந்தவரை போனை எடுத்து, ஏன் இன்னும் வரவில்லை என்று கேட்கலாம். அதிகாரமாகவே கேட்கலாம். சும்மா வருகிறேன் என்றவரை எந்த வாயால் கேட்பது? லிஃப்ட் கதவு மூடியது. உள்ளே வந்து இரண்டு டம்ளரையும் கழுவிக் கவிழ்த்தார்.

காசு சொன்னபடி திரும்பி வந்தது. வாழ்க்கையில் முதல் தடவையாக, கணக்கில் பணம் ஏறியது என்ற செய்தியைப் பார்த்து அவருக்கு எரிச்சல் வந்தது. செய்தியை அழித்தார்.

மாதங்கள் போயின. மெக்கானிக் வரவில்லை. இவர் எதிர்பார்க்கவில்லை என்று சொல்லிக்கொண்டார். ஆனால் பகலில் காலிங் பெல் அடித்தால் எழுந்திருக்கும் வேகம் வேறாக இருந்தது. பக்கத்து வீட்டுக்கு வந்த பார்சலாக இருக்கும், அல்லது கேஸ்காரராக இருக்கும்.

ஒரு மதியம் பால்கனியில் துணியை எடுக்கப் போனவர் கீழே பார்த்தார். கம்பெனி பெயர் போட்ட பெட்டியோடு அந்த வண்டி நின்றுகொண்டிருந்தது. அந்தக் கம்பெனி ஏசியும் பார்ப்பதுண்டு. ஐந்தாவது மாடியில் யாரோ ஏசி ரிப்பேருக்குக் கூப்பிட்டிருந்தார்கள் போலிருக்கிறது. துணியைப் போட்டது போட்டபடி உள்ளே ஓடினார். டீக்குத் தண்ணீர் வைத்தார். முன்கதவை அகலத் திறந்து வைத்தார். மூடியிருந்தால் ஆளில்லை என்று நினைத்துவிடலாம் அல்லவா? டீ கொதித்தது, அடங்கிற்று, மறுபடி சூடாக்கினார். லிஃப்ட் மேலிருந்து இறங்கும் சத்தம் கேட்டது. வாசலுக்கு வந்து நின்றார். லிஃப்ட் மூன்றாவது மாடியைத் தாண்டிக் கீழே போயிற்று.

திரும்பப் பால்கனிக்கு ஓடினார். கீழே வண்டியில் பையை மாட்டிக்கொண்டிருந்த மெக்கானிக், நிமிர்ந்து பார்த்துவிட்டு முகமெல்லாம் சிரிப்பாகக் கையை ஆட்டினார்.

"சார்! நல்லா இருக்கீங்களா? தண்ணியெல்லாம் ஓகேவா?"

"ஓகே தம்பி, ஓகே!"

"பாத்தீங்களா! நான்தான் சொன்னேன்ல!"

அவ்வளவுதான். ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு வண்டியை உதைத்தார். அந்த உறுமலில்தான் இவருக்கு வாய் திறந்தது. சாக்கு, காரணம், பழுது எதுவும் தேடாமல், கம்பியைப் பிடித்துக் குனிந்து, "மேல வாங்களேன்! டீ போட்டிருக்கேன்!" என்று கத்தினார். தெருவே கேட்கும்படிதான் கத்தினார். ஹெல்மெட்டுக்குள் இருந்த காதுக்கு மட்டும் கேட்கவில்லை. வண்டி வாசலைத் தாண்டி வளைந்து போயிற்று.

கேட் பக்கத்திலிருந்து வாட்ச்மேன் நாற்காலியை விட்டு எழுந்து அண்ணாந்து பார்த்தார். "என்னையா சார் கூப்பிட்டீங்க?"

இல்லை என்றுதான் நாக்கு நுனிவரை வந்தது.

"ஆமா" என்றார்.

"என்ன வேலை சார்? நான் கேட்டை விட்டு வர முடியாதே."

"வேலை ஒண்ணுமில்ல. இருங்க, நான் கீழ வர்றேன்."

இரண்டு டம்ளரோடு லிஃப்டில் இறங்கி வந்தவரைப் பார்த்ததும் வாட்ச்மேன் தொப்பியைச் சரிசெய்துகொண்டு விறைப்பாக நின்றார். மூன்றாவது மாடி சார் தானே டீ எடுத்துக்கொண்டு வருகிறார் என்றால் ஏதோ பெரிய புகார் இருக்கிறது என்று அர்த்தம்.

"ஏதாவது தப்பாயிடுச்சா சார்?"

"ஒண்ணும் தப்பில்ல. மேல தனியா இருக்கேன். அதான், கொஞ்ச நேரம் பேசிட்டு இருக்கலாம்னு."

வாட்ச்மேன் தன் பிளாஸ்டிக் நாற்காலியைத் துண்டால் தட்டி அவர் பக்கம் தள்ளினார். இவர் உட்காரவில்லை, அதனால் அவரும் உட்காரவில்லை. என்ன பேசுவது என்று இரண்டு பேருக்குமே தெரியவில்லை. தெருவைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். டீ நல்ல சூடாக இருந்தது, அதனால் குடித்து முடிக்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று.